வெரசாட்டம்

பூப்பாறைக்கு மேல் எஸ்டேட்
3 ஜூன் 2025

மகாராணிக்கு,

ராக்கு எழுதுகிறேன், உன் வீட்டுக்காரனின் அக்கா. உனக்குக் கல்யாணமான பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் யார் பேசினாலும் தம்பி ஸ்பீக்கரில் போட்டுவிடுவான். இது அவன் காதில் விழ வேண்டிய விஷயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துணியைக் காயப்போட்டுவிட்டு, சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறினேன். தம்பி வீரணன் தன் ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ வைத்திருந்தான். அஷ்ஃபாக்கின் கடையில் நீ உட்கார்ந்திருக்கிறாய். கையில் கார்டுகளை விரித்துப் பிடித்திருக்கிறாய். பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் இருப்பது நீலத் திமிங்கலம். அது என்னுடைய கார்டு.

அந்தக் ‘கோட்டை’ ஆட்டத்தை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கார்டில் எழுதியிருப்பதெல்லாம் இங்கிலீஷ். நானும் தம்பியும் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கார்டாக அர்த்தம் பிடித்தோம். ஆளுக்கு அறுபது கார்டு, ஆளுக்கு ஆறு கோட்டை. எதிராளியின் ஆறும் விழும்வரை எழுந்திருக்கக் கூடாது. மத்தியானச் சோறு தின்றுவிட்டு உட்கார்ந்தால் விளக்குப் போடுகிறவரை ஓடும்.

இப்போது ‘வெரசாட்டம்’ என்று ஒன்றைக் கிளப்பியிருக்கிறானாம். இருபது கார்டு, மூன்று கோட்டை, பொறிக் கார்டே கிடையாது, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுமாம். ஜீப் ஓட்டும் சின்ராசு அண்ணன்தான் சொன்னார். “ஒந்தம்பி பொஞ்சாதிக்காக ஆட்டத்தையே சுருக்கிப்புட்டான் தாயி. இப்பப் புதுசா வர்ற ஆளுகளுக்கெல்லாம் அஷ்ஃபாக் கடையில அதத்தான் சொல்லித் தர்றாங்க.”

எனக்காக அவன் ஒரு விதியைக்கூடக் குறைத்ததில்லை. நான் தோற்று அழுதபோதும் இல்லை.

பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த என் கார்டுகள் எல்லாவற்றையும் சின்ராசு அண்ணனிடம் கொடுத்து அனுப்பு.

ராக்கு


போடி
7 ஜூன் 2025

அன்புள்ள மதினிக்கு,

நீங்களும் பாண்டித்துரை அண்ணனும் மழையில் எப்படி இருக்கிறீர்களோ என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே வெயில் இன்னும் விடவில்லை.

கார்டுகளை அனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூட விடவில்லை. நான் எடுத்துக்கொண்டதாக நீங்கள் நினைக்க வேண்டாம். உங்கள் தம்பிதான் எடுத்துக் கொடுத்தார். “இது மதினியுடையதாச்சே” என்று கேட்டேன். “அக்கா ஒண்ணும் சொல்லாது” என்றார். நீங்கள் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அழகான கார்டு மதினி, அந்தத் திமிங்கலம்.

வெரசாட்டத்தை நான் கேட்கவில்லை. வந்த புதிதில் “எனக்கும் சொல்லித் தாங்களேன்” என்று மட்டும்தான் கேட்டேன். கட்டிலில் கார்டுகளைப் பரப்பிக் கொஞ்ச நேரம் சொன்னார். நான் இரண்டு தடவை ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. “இது ஒனக்குச் சரிப்படாது. நான் வேற மாதிரி பண்ணித் தர்றேன்” என்று எல்லாவற்றையும் வாரிக் கட்டினார். மறுநாள் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டே யோசித்தாராம். சாயங்காலம் வரும்போது வெரசாட்டத்தோடு வந்தார். அஷ்ஃபாக் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டார். புதிதாக வருகிறவர்களுக்கு அது சுலபமாக இருக்கிறது. கிட்டங்கியில் என்னோடு ஏலக்காய் தரம் பிரிக்கிற ஜோதி அக்காகூட இரண்டே ஆட்டத்தில் பிடித்துக்கொண்டது.

கொஞ்சம் அதிரசம் வைத்திருக்கிறேன். சூடாக இருக்கும்போதே கட்டியதால் ஒட்டியிருந்தால் மன்னிக்கவும்.

உங்கள்
மகாராணி


எஸ்டேட்
12 ஜூன் 2025

மகாராணிக்கு,

கார்டுகள் வந்து சேர்ந்தன. திமிங்கலத்துக்கு ஒரு முனை மடங்கியிருக்கிறது. என்னிடம் இருந்தவரை மடங்கியதில்லை. அதிரசம் ஒட்டவில்லை, நன்றாகவே இருந்தது.

இங்கே இதை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்யப்போகிறாள் என்று நீ நினைத்திருப்பாய். என் வீட்டுக்காரரிடம், உன் பாண்டித்துரை அண்ணனிடம், கார்டைக் காட்டினால் “ரம்மியா?” என்கிறார். நல்ல மனுஷன்தான். ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறவர், சாப்பிட்டதும் படுத்துவிடுகிறார். நேற்று இரண்டு பக்கமும் நானே உட்கார்ந்து ஆடினேன். இந்தப் பக்கம் வைத்துவிட்டு எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பாறைக்கு ஏறிப் போன் செய்தேன். “அக்கா, கடையில கூட்டமா இருக்கு, அப்பறமாப் பேசட்டா?” என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதான் அது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், உன் கல்யாண வீடியோவில் இருக்கிறது.

அவன் அப்புறமாகப் பேசவில்லை. நான் இருட்டும்வரை பாறையிலேயே இருந்தேன். இதை அவனிடம் சொல்லாதே.

ராக்கு


போடி
17 ஜூன் 2025

அன்புள்ள மதினிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். மரியாதைக் குறைவாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி எனக்காக ஆட்டத்தைச் சுருக்கினார் என்று உங்களுக்குக் கோபம். சுருக்கியது எனக்கு என்ன கொடுத்தது என்று சொல்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் கார்டை எடுப்பார். எனக்குப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொடுப்பார். மூன்றாவது கோட்டை விழும். “சபாஷ்” என்பார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். அங்கே முழு ஆட்டம் ஆடுகிறவர்களோடு கடை சாத்துகிறவரை உட்கார்ந்திருப்பார். உங்களோடு மத்தியானத்திலிருந்து விளக்குப் போடும்வரை. என்னோடு பத்து நிமிஷம். இதைத்தான் நீங்கள் பொறாமையோடு பார்க்கிறீர்கள்.

அந்தப் பத்து நிமிஷத்திலும் நீங்கள் வந்துவிடுவீர்கள். நான் ஒரு கார்டை வைத்தால், “அக்கான்னா இந்நேரம் பொறி வச்சிருக்கும்” என்பார். “அக்காவுக்குத் தெரியாத விதியே கெடையாது” என்பார். நான் நன்றாக வைத்தாலும் அதையே சொல்வார். “அக்கா மாதிரி வச்சிட்டியே.” உங்களோடு பேசிப் பழகாமலே உங்கள்மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் முதல் கடிதம் வந்த அன்றைக்கு, உங்களுக்கும் என்மேல் அதே எரிச்சல் என்று தெரிந்ததும், உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு உதவி கேட்கிறேன். எனக்கு முழு ஆட்டத்தைக் கற்றுக்கொடுங்கள். கடிதத்தில் எழுதி அனுப்புங்கள், நான் படித்துக்கொள்கிறேன். அவருக்குத் தெரிய வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் பழையவர்கள் மேசையில் போய் நானே உட்கார வேண்டும். என்னைப் பார்த்து அவர் எழுந்துபோக முடியாதபடி ஒரு ஆட்டமாவது ஆட வேண்டும்.

மாட்டேன் என்றால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

மகாராணி


எஸ்டேட்
25 ஜூன் 2025

மகாராணிக்கு,

அடுப்பில் போடத்தான் எடுத்துப் போனேன். மழையில் விறகு பற்றவில்லை.

கற்றுத் தருகிறேன். ஆனால் என்னிடம் சலுகை கிடையாது. இதோடு இருக்கிற தாள்களில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். அறுபது கார்டில் எதை எவ்வளவு போட வேண்டும், எந்தக் கோட்டைக்கு எந்தக் காவல், கொம்பன் கார்டு வந்தால் ஏன் உடனே வைக்கக் கூடாது, கையில் ஒன்றுமில்லாதபோது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது. கடைசியாகச் சொன்னது உன் வீட்டுக்காரனுக்கு இன்றுவரை வராது. கையில் நல்ல கார்டு இருந்தால் கால் பெருவிரலை ஆட்டுவான். கவனித்துப் பார்.

வெரசாட்டத்தில் இல்லாதது பொறி. அதுதான் முழு ஆட்டத்தின் உயிர். பொறிக் கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதை எதிராளியின் முறையிலும் திறக்கலாம், உன் முறையிலும் திறக்கலாம். உன் முறையில் திறந்தால்தான் அடி பலமாக விழும். உன் டெக்கை, அந்த அறுபது கார்டையும், அதை வைத்தே கட்டு. இதில் சந்தேகம் வேண்டாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாம். கேட்டால் அவன் காதுக்குப் போய்விடும்.

நீலத் திமிங்கலத்தைத் தவிர என் கார்டுகளில் உனக்குத் தேவைப்படுவதை அனுப்பியிருக்கிறேன். முனை மடங்காமல் வைத்துக்கொள்.

ராக்கு


போடி
12 ஜூலை 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் தாள்களைக் கிட்டங்கிக்கே எடுத்துப் போய்விடுகிறேன். காயைப் பிரித்துக்கொண்டே மனசுக்குள் ஆடிப் பார்க்கிறேன். நேற்று முதல் தரத்தையும் இரண்டாம் தரத்தையும் ஒன்றாகக் கொட்டிவிட்டேன். “என்னடி மகாராணி, புள்ளத்தாச்சியா இருக்கியா?” என்று ஜோதி அக்கா கேட்டது. அதற்கெல்லாம் இன்னும் ஒன்றுமில்லை.

அவர் பட்டறைக்குப் போனதும் மாடியில் உட்கார்ந்து, உங்களைப் போலவே இரண்டு பக்கமும் நானே ஆடுகிறேன். எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காரும்போதெல்லாம், பாறைக்குக் கீழே ஒரு வீட்டில் நீங்களும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பீர்கள் என்று தோன்றும். முன்பெல்லாம் உங்களை நினைத்தால் வருகிற எரிச்சல் இப்போது வரவில்லை. கொஞ்சம் வருகிறது. ஆனால் அது வேறு மாதிரி.

என் முறையில் பொறியைத் திறந்து மூன்று கோட்டைகளை ஒரேயடியாக விழவைக்கிற மாதிரி டெக் கட்டிவிட்டேன். நினைத்தாலே சிரிப்பு வருகிறது. கால் பெருவிரலையும் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மை! எட்டு மாதமாக என் கண்ணில் படவே இல்லை.

வருகிற இருபதாம் தேதி ஞாயிறு கடையில் பெரிய ஆட்டம். கம்பம், சின்னமனூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். தீர்ப்புச் சொல்வது உங்கள் தம்பி. அன்றைக்குத்தான் பேர் கொடுக்கப்போகிறேன். அஷ்ஃபாக் அண்ணனிடம் மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜெயித்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்.

உங்கள்
மகாராணி


எஸ்டேட்
17 ஜூலை 2025

மகாராணிக்கு,

இந்த ஞாயிறு வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும். உனக்கு இன்னும் பழக்கம் போதாது. பொறியைப் பற்றி நான் இன்னொரு தடவை விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் மேசையில் உட்காராதே. காய்ச்சல் என்று சொல்லிவிடு.

இரண்டு நாளாக மேட்டில் மண் சரிந்து ஜீப் எதுவும் இறங்கவில்லை. பாறைக்கு ஏறினேன், டவரும் விழுந்துகிடக்கிறது. சின்ராசு அண்ணன் எப்போது இறங்கினாலும் முதலில் இதை உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

போகாதே.

ராக்கு


போடி
22 ஜூலை 2025

மதினிக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். என் பேரைக் கூப்பிட்டதும் அவர் தலை நிமிர்ந்தார். “வெரசாட்டம் அந்த மேசை” என்றார். “நான் இந்த மேசைக்குத்தான் வந்தேன்” என்றேன். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் எந்த நாளும் பார்த்ததில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதிரில் கம்பத்திலிருந்து வந்த காலேஜ் பெண். நன்றாகத்தான் ஆடினேன். அவளுடைய இரண்டு கோட்டைகளை விழவைத்தேன். அவர் நகராமல் என் பின்னாலேயே நின்றார். பிறகு என் முறையில் பொறியைத் திறந்தேன். மூன்று கோட்டைகளையும் கையாலேயே கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். “அண்ணே, பொறிய அவங்க முறையிலேயே தொறக்குறாங்க. அப்படிக் கெடையாதுல்ல?”

அவர் குனிந்து என் காதருகே, “கார்டை எடுத்துரு” என்றார். நான் எடுக்கவில்லை. “இதுதான் விதி” என்றேன். சத்தமாகச் சொன்னேன் மதினி. இரண்டு தடவை சொன்னேன். விதியை நான் அவருக்கே சொல்லிக்கொடுத்தேன், எல்லாரும் கேட்கும்படி. அப்போதுதான் சிரிப்பு ஆரம்பித்தது. “வெரசாட்டம் ஆடுன ஆளுகளுக்கு இங்கென்ன சோலி?” என்று யாரோ பின்னால் சொன்னார்கள். நான் கட்டியிருந்த டெக்கில் அந்த அடியைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவர்தான் ஆட்டத்தை அந்தப் பெண்ணுக்கு எழுதினார். அவர் கையாலேயே.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். “யாரு சொன்னது ஒனக்கு இந்த விதிய?”

இங்கிலீஷைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொன்னேன்.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. போகாதே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் எழுதியிருப்பீர்கள், மறந்திருப்பீர்கள் என்று ஒரு ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை.

உங்கள் கார்டுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எதுவும் மடங்கவில்லை.

மகாராணி


எஸ்டேட்
27 ஜூலை 2025

மகாராணி,

வேண்டுமென்றேதான் எழுதினேன். பொறியை எதிராளியின் முறையில் மட்டும்தான் திறக்க முடியும். அது எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும்.

அந்தத் தாள்களில் மற்றதையெல்லாம் சரியாக எழுதிக்கொண்டு வந்தேன். எழுத எழுத நன்றாக இருந்தது. இவ்வளவு நாளும் இதைப் பேச எனக்கு ஆள் இல்லை. அப்போதுதான், இதையெல்லாம் கற்றுக்கொண்டு நீ என் இடத்தில் போய் உட்காரப்போகிறாய், அங்கே உட்காரவைப்பதும் நானேதான் என்று பட்டது. வெரசாட்டம் ஆடுகிறவரை நீ யாரோ. முழு ஆட்டமும் தெரிந்துவிட்டால் அவனுக்கு அக்கா எதற்கு? கை அதுவாக அந்த வரியை எழுதவில்லை. நான்தான் எழுதினேன். எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நீ மாடியில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆடுகிறாய் என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் தூக்கம் போனது. ஜீப் ஸ்டாண்டுக்கு மூன்று தடவை நடந்தேன். “ரோடு தொறந்தாத்தான் தாயி” என்றார் சின்ராசு அண்ணன். நடந்தே இறங்குகிறேன் என்று சொன்னதற்கு உன் அண்ணன் குடையைப் பிடுங்கி உள்ளே வைத்தார். அவருக்கு இன்னமும் காரணம் தெரியாது.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. நீ ஏன் அவனிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அவன் வந்து கத்தியிருப்பான், நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும். இப்போது போனில் “அக்கா, அன்னைக்கு இவ மானத்த வாங்கிட்டா” என்று என்னிடமே வருத்தப்படுகிறான். நான் ‘உம்’ கொட்டிக்கொண்டு நிற்கிறேன். தம்பியை எடுத்துக்கொண்டாய். நல்லவள் என்கிற பேரையும் நீயே எடுத்துக்கொண்டாய். எனக்கு என்னதான் வைத்திருக்கிறாய்?

அவனிடம் சொல்லிவிடு.

ராக்கு


போடி
1 ஆகஸ்ட் 2025

மதினிக்கு,

சொல்ல மாட்டேன். ஏனென்றால் நான் நல்லவள் இல்லை.

அன்று அவர் கேட்டபோது உங்கள் பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? விடிந்ததும் பட்டறையைப் பூட்டிவிட்டு உங்களிடம் வந்திருப்பார். சண்டை போட்டிருப்பார். நீங்கள் அழுதிருப்பீர்கள். அதைப் பார்த்து அவரும் அழுதிருப்பார். பிறகு உங்கள் கையால் சோறு தின்றுவிட்டு, சின்ன வயதுக் கதையெல்லாம் பேசிவிட்டு, கடைசி பஸ்ஸில் இறங்கியிருப்பார். ஒரு முழு நாள் உங்களுக்குப் போயிருக்கும். என் மானம் போனதற்கு உங்களுக்கு அவரோடு ஒரு நாள். அந்தச் சண்டையைக்கூட உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது தெரிந்துகொண்டீர்களா, நல்லவள் பேர் எப்படிப்பட்டது என்று?

இதை எழுதிவிட்டுப் பார்த்தால் கை லேசாகிவிட்டது. இப்படியெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொல்ல முடியாது, ஜோதி அக்காவிடம் சொன்னால் கிட்டங்கி முழுக்கத் தெரிந்துவிடும். சொல்ல முடிந்த ஒரே ஆள் எனக்கு இவ்வளவு பெரிய துரோகம் பண்ணிய நீங்கள்தான்.

கடையில் மறுபடியும் வெரசாட்டம் மேசையில்தான் உட்கார்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லித் தருகிறேன். விதியைச் சரியாகச் சொல்லித் தருகிறேன்.

மகாராணி


எஸ்டேட்
5 ஆகஸ்ட் 2025

மகாராணி,

உன் கடிதத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். உன் அண்ணன் பயந்துபோய் எழுந்து வந்தார். பிறகு கொஞ்சம் அழுதேன், அவர் போன பிறகு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூணாறு பஸ்ஸில் ஏறிப் பூப்பாறையில் இறங்கு. நான் வந்து நிற்கிறேன். ஸ்வெட்டர் கொண்டுவா. உன் டெக்கையும் கொண்டுவா. அறுபது கார்டு, ஆறு கோட்டை. மத்தியானம் சோறு இங்கே.

அவனைக் கூட்டிவராதே.

ராக்கு


போடி
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் பஸ்ஸில் இறங்கும்போது நான் எவ்வளவு பயந்துபோயிருந்தேன் என்று தெரிந்திருக்காது. நீங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டீர்கள். ஏலத்தோட்டத்து வழியெல்லாம் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

கார்டைப் பிரித்த பிறகும் நீங்கள் மாறவில்லை. நான் கொம்பனை அவசரப்பட்டு வைத்துவிட்டு உங்களை ஏறிட்டுப் பார்த்தேனே, அவராக இருந்தால் ‘எடுத்துக்கோ’ என்றிருப்பார். “வச்சது வச்சதுதான்” என்றீர்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். கோபத்தில் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை மதினி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் யாரும் எதையும் குறைக்காமல் ஆடியது அதுதான் முதல் தடவை.

பிறகு நீங்கள் உங்கள் பொறியை என் முறையில் திறந்து என் கோட்டையைச் சாய்த்தபோது, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்ததே. அண்ணன் கட்டிலில் புரண்டு, “ரம்மியில இம்புட்டுச் சிரிப்பா?” என்று கேட்டாரே. பாவம்.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

அவரிடம், மதினியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும்தான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், பைக்கில் சாய்ந்து நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை, கடையில் ஆட்டம் நடக்கிற நேரம். கடைப் பக்கமே போகவில்லையாம். டீக்கடைக்காரர், “மூணு பஸ்ஸப் பாத்துட்டாருத்தா” என்றார். அவர் டீக்கடைக்காரரை முறைத்தார்.

“அக்கா என்ன சொல்லுச்சு?” என்று கேட்டார்.

“ஒண்ணும் சொல்லல.”

“வெளாண்டீகளா?”

“வெளாண்டோம்.”

“வெரசாட்டமா?”

“முழு ஆட்டம்.”

வண்டியை எடுக்காமல் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். “மத்தியானத்துல இருந்தேவா?”

“ஆமா. வெளக்குப் போடப்போற நேரம் வரைக்கும். கடைசி பஸ்ஸுக்கு ஓடி வந்தேன்.”

“என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும் மதினி. தலை வாரும்போது கண்ணாடியில் நான் தினமும் பார்த்த முகம் அது. பாறையில் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கும் அதுதான் இருந்திருக்கும். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பாவமாக இருந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சோற்றில் கை வைத்தவர் நிமிர்ந்து, “யாரு ஜெயிச்சா?” என்றார். நான் ரசம் ஊற்றினேன். படுக்கும்போது கேட்டார். திங்கட்கிழமை பட்டறையிலிருந்து போன் செய்து, மோட்டாருக்குச் சுற்றுகிற கம்பி தீர்ந்துவிட்டது என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் அதையே கேட்டார். இன்று காலையில் “அக்காகிட்டயே கேட்டுக்கிறேன், போ” என்று கோபித்துக்கொண்டு போயிருக்கிறார். வருகிற ஞாயிறு நீங்கள் பாறைக்கு ஏறினால் கட்டாயம் போன் வரும். அப்புறமாகப் பேசுகிறேன் என்று வைத்துவிட மாட்டார், நம்பலாம்.

அவர் எவ்வளவு கெஞ்சினாலும் யார் ஜெயித்தது என்று நீங்கள் சொல்லக் கூடாது.

உங்கள்
மகாராணி